விதிப்பட்டியல் மரத்தின் சுருக்கம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கமநல சேவை நிலையச் சுவர்களிலும் நாளிதழ்களின் விவசாயப் பக்கங்களிலும் இரண்டு வகைத் தாள்கள் வரத் தொடங்கும். ஒன்று, கேள்விகளைப் பெட்டிகளில் எழுதி "ஆம்", "இல்லை" என்று அம்புக்குறி பிரிந்து போகும் படம். மற்றது, "இன்னது இன்னது இருந்தால் இதைச் செய்க" என்று வரிவரியாக எழுதிய பட்டியல். முதலாவது தீர்மான மரம். இரண்டாவது தீர்மான விதித்தொகுதி. இரண்டும் ஒன்றுதானே என்ற எண்ணத்தில், படத்துக்கு இடம் போதாவிட்டால் பட்டியலைப் போடுகிறார்கள். பட்டியல் கண்ணுக்கு எடுப்பாக இல்லாவிட்டால் யாரிடமாவது கொடுத்துப் படமாக்குகிறார்கள். ஒன்றை மற்றதாக மாற்றலாம் என்பது சரி. ஆனால் ஒரு திசையில் அது சில நிமிட வேலை. மறுதிசையில் தாள் கொள்ளாது, சில வேளை கணினியும் கொள்ளாது. மாற்றுகிறவருக்கு எங்கே பிசகும் என்று தெரியாவிட்டால், வயலுக்குப் போய்ச் சேரும் அறிவுரையே வேறாகிவிடும். அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறோம்.

வேளாண்மையிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுப்போம். கணக்கு விளங்குவதற்காக மட்டும் எழுதியது இது. மருந்தடிப்பதற்கு உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியர் சொல்வதையே கேட்க வேண்டும்.

விதி 1: தூரடியில் கபிலநிறத் தத்தி இருக்கிறது, சிலந்தியைக் காணவில்லை என்றால் போதனாசிரியரை அழைக்கவும்.
விதி 2: இலையில் கண் வடிவப் புள்ளி இருக்கிறது, பயிர் குடலைப் பருவத்தில் (கதிர் வெளிவருவதற்கு முந்திய பருவம்) நிற்கிறது என்றால் அழைக்கவும்.
விதி 3: பயிர் மஞ்சளாக இருக்கிறது, யூரியா இட்டுப் பத்து நாள் கடந்துவிட்டது என்றால் அழைக்கவும்.
இந்த மூன்று விதிகளில் எதுவும் பொருந்தாவிட்டால் ஒரு வாரம் பொறுத்து மீண்டும் பார்க்கவும்.

ஒவ்வொரு விதியிலும் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. விவசாயிகள் அறக்கொட்டி என்று சொல்லும் தத்தி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூரடியில் இருந்து சாறு உறிஞ்சுகிறது. அடர விதைத்து யூரியாவைக் கூட்டி இட்ட வயலில் அது விரைவாகப் பெருகும். சிலந்தி போதியளவு இருந்தால் தத்தியை அதுவே தின்று கட்டுப்படுத்தும். அவசரப்பட்டு எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தை இலைக்கு மேலால் அடித்தால், தூரடித் தத்திக்கு மருந்து போய்ச் சேராது, சிலந்திதான் முதலில் சாகும். ஆகவே தத்தியைக் கண்டது மட்டும் போதாது. சிலந்தியைக் காணாததும் சேர வேண்டும். விதி 2இன் கண் வடிவப் புள்ளி எரிபந்த நோயின் அடையாளம். அதுவும் அப்படித்தான். குடலைக்குப் பிறகு நோய் கதிர்க் கழுத்துக்கு ஏறினால் மணி பிடிக்காது. அதனால்தான் பருவத்தையும் கேட்கிறோம். யூரியா இடாத வயலில் மஞ்சள் என்றால் பசளைப் பசி. இட்டுப் பத்து நாளாகியும் மஞ்சள் மாறவில்லை என்றால் வேரையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

இப்போது இந்த நான்கு வரியை மரமாக வரைந்து பாருங்கள். முதற் கேள்வி "தத்தி இருக்கிறதா?" என்று வைப்போம். "இல்லை" என்றால் விதி 1 போய்விட்டது, அடுத்து "இலைப்புள்ளி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். "ஆம்" என்றால் சிலந்தியைப் பார்க்க வேண்டும். சிலந்தி இல்லை என்றால் "அழைக்கவும்" என்ற இலைக்கு வந்துவிட்டோம் (மரத்தில் முடிவு சொல்லும் கடைசிப் பெட்டியை இலை என்பார்கள்). சிலந்தி இருந்தால் அங்கேயும் "இலைப்புள்ளி இருக்கிறதா?" என்ற அதே கேள்விக்குத்தான் போக வேண்டும். ஆக இலைப்புள்ளிக் கேள்வி மரத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. அந்த ஒவ்வொன்றின் கீழும் மஞ்சள் பற்றிய கேள்வி இரண்டு இரண்டாக, மொத்தம் நான்கு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தால் 14 கேள்விப் பெட்டி, 15 இலை. இலைகளில் 7 "அழைக்கவும்", 8 "பொறுக்கவும்". நான்கு வரி 29 பெட்டியாகிவிட்டது.

கேள்விகளின் வரிசையை மாற்றினால் சுருங்காதா என்று கேட்பார்கள். சுருங்காது. "பொறுக்கவும்" என்று ஒரு வயலுக்குச் சொல்வதானால், மூன்று விதிகளிலும் ஒவ்வொரு நிபந்தனையாவது பொருந்தவில்லை என்பதை அந்தப் பாதையிலேயே கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு விதியிலும் சரியாக ஒரு நிபந்தனை மட்டும் பொருந்தாத வயல்களை எடுங்கள். அப்படியான வயல்கள் 2×2×2, அதாவது 8 வகை. இவற்றில் எந்த இரண்டும் ஒரே இலையில் வந்து நிற்க முடியாது. நின்றால், இரண்டில் ஒன்றுக்கு ஏதோ ஒரு விதியில் பொருந்தாத நிபந்தனையைக் கேட்காமலே முடிவு சொன்னதாகிவிடும். எனவே எந்த வரிசையில் வரைந்தாலும் "பொறுக்கவும்" என்ற இலை எட்டுக்குக் குறையாது. விதி ஆறானால் மேலே சொன்ன முறையில் வரையும் மரத்துக்கு 127 இலை. விதி பத்தானால் 2047 இலை. பத்து வரிப் பட்டியல் உள்ளங்கை அளவு தாளில் அடங்கும். அதன் மரத்துக்கு மண்டபச் சுவரும் போதாது.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. எங்கள் பகுதியின் விளம்பரத் தாள்களில் இதை அரிதாகவே காண்கிறோம். மரத்தில் கிளை பிரிந்தால் மீண்டும் சேராது. ஆனால் வயல்வெளியில் வாய்க்கால் பிரிகிறது, மேல் வட்டையின் வடிச்சல் கீழ் வட்டைக்கு வந்து திரும்பவும் ஒன்றாகிறது. படத்தையும் அப்படி வரையலாம். தத்தி இல்லை என்ற அம்பும், தத்தி உண்டு ஆனால் சிலந்தியும் உண்டு என்ற அம்பும் ஒரே இலைப்புள்ளிப் பெட்டிக்கே வரட்டும். இரண்டு பெட்டி எதற்கு? இப்படிச் சேர்த்தால் நமது உதாரணத்துக்கு 6 கேள்விப் பெட்டியும் 2 முடிவுப் பெட்டியும் போதும். பாடசாலைத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பாய்ச்சற் கோட்டுப்படம் வரையப் பழகிய பிள்ளைக்கு இது புதிதல்ல. ஆனால் எல்லா விதித்தொகுதியும் இவ்வளவு அழகாகச் சுருங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நமது மூன்று விதிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிபந்தனைகளைப் பேசுகின்றன. ஒன்று முடிந்ததும் அதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரே நிபந்தனை பல விதிகளில் வெவ்வேறு துணையோடு வந்தால் முன்பு கேட்ட பதில்களை நினைவில் வைத்தபடியே கீழிறங்க வேண்டும், பெட்டிகளை ஒன்றாக்க முடியாது, படம் மீண்டும் பெருத்துவிடும்.

பெட்டி எத்தனை என்பது வேறு, ஒரு வயலுக்கு எத்தனை கேள்வி கேட்கிறோம் என்பது வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன 29 பெட்டி மரத்தில் எந்த வயலுக்கும் ஆறு கேள்விக்கு மேல் வராது. அதிர்ஷ்டமான வயலுக்கு இரண்டே கேள்வி. மரம் அகலமானது, ஆழமானது அல்ல. இதற்குப் பின்னால் ஓர் அழகான கணித உண்மை இருக்கிறது. 1987ஆம் ஆண்டளவில் மனுவல் பிளம், ரசல் இம்பக்லியாசோ உள்ளிட்ட கணினி விஞ்ஞானிகள் சிலர் தனித்தனியே கண்டது அது. "ஆம்" என்று முடிக்கும் விதிகள் ஒவ்வொன்றிலும் அதிகம் போனால் k நிபந்தனை, "இல்லை" என்று முடிக்கும் விதிகள் ஒவ்வொன்றிலும் அதிகம் போனால் l நிபந்தனை என்றால், k×l கேள்விக்குள் முடிவு சொல்லும் மரம் ஒன்று கட்டாயம் உண்டு. நமது உதாரணத்தில் "அழைக்கவும்" என்பதற்கு 2 நிபந்தனை போதும். "பொறுக்கவும்" என்பதற்கு ஒவ்வொரு விதியிலும் ஒன்று பொருந்தவில்லை என்று காட்ட 3 நிபந்தனை. பெருக்கினால் 6. சரியாக அந்த ஆறு.

ஏன் அப்படி என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தக் காரணத்துக்குள்ளேயே செய்முறையும் இருக்கிறது. ஓர் "அழைக்கவும்" விதியும் ஒரு "பொறுக்கவும்" விதியும் ஒரே வயலுக்குப் பொருந்தவே முடியாது. ஆகவே அவை இரண்டும் ஏதாவது ஒரு நிபந்தனையில் நேருக்கு நேர் முரண்பட்டே ஆக வேண்டும். நீங்கள் ஓர் "அழைக்கவும்" விதியைத் தெரிந்தெடுத்து அதன் நிபந்தனைகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டால், மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு "பொறுக்கவும்" விதியிலும் குறைந்தது ஒரு நிபந்தனைக்குப் பதில் கிடைத்துவிடும். அடுத்த "அழைக்கவும்" விதியைக் கேளுங்கள், இன்னொன்று குறையும். l சுற்றுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும்.

இதையே பென்சிலால் செய்யலாம். விதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நிபந்தனை அதிக விதிகளில் வருகிறதோ, எதை வரம்பில் நின்றபடியே பார்க்க முடிகிறதோ, அதை முதலில் பாருங்கள். பதில் கிடைத்ததும் அதோடு முரண்படும் விதிகளை வெட்டிவிடுங்கள். ஒத்துப்போகும் விதிகளில் அந்த நிபந்தனையை மட்டும் வெட்டுங்கள். ஒரு விதியில் எல்லா நிபந்தனையும் வெட்டப்பட்டுவிட்டால் அதுவே முடிவு. விதிகள் எல்லாம் வெட்டப்பட்டுவிட்டால் கடைசி வரி முடிவு. முழு மரத்தை எங்கும் வரையத் தேவையில்லை. இந்த ஒரு வயலுக்கு வேண்டிய பாதை மட்டும் நடக்க நடக்க உருவாகிறது. சவூதி அரேபியாவின் கிங் அப்துல்லா விஞ்ஞான தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் மிகயீல் மொஷ்கோவும் அவருடன் பணிபுரிவோரும் அண்மைக்காலமாக எழுதிவருவதும் இதுதான்: விதியிலிருந்து முழு மரத்தைக் கட்டாமல், கையிலிருக்கும் ஒன்றுக்கான பாதையை மட்டும் காட்டுவது. கைபேசிச் செயலி எழுத விரும்பும் நம் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2047 இலையைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை. பத்து விதியும், மேலே சொன்ன வெட்டும் படிகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு சிறிய சுற்றும் போதும்.

மறுதிசைக்கு வருவோம். மரத்திலிருந்து விதி எடுப்பது எளிது: வேரிலிருந்து, அதாவது முதற் கேள்வியிலிருந்து, ஒவ்வோர் இலைக்கும் போகும் பாதையை ஒரு வரியாக எழுதினால் ஒரு விதி. 15 இலைக்கு 15 விதி. அவை ஒன்றோடொன்று மோதாது. எந்த வயலும் விடுபடாது. எந்த வரிசையில் எழுதினாலும் பொருள் மாறாது. இத்தனை நல்ல குணத்தோடு பிறக்கும் பட்டியலை நாம்தான் பிறகு கெடுக்கிறோம்.

கெடுவது பெரும்பாலும் சுருக்கும்போது. "தத்தி இல்லை, புள்ளி உண்டு, குடலைப் பருவம், எனவே அழைக்கவும்" என்று மரத்திலிருந்து ஒரு பாதை வரும். தத்தி இல்லாததற்கும் எரிபந்தத்துக்கும் தொடர்பில்லை. மரத்தில் அந்தக் கேள்வி முதலில் நின்றதால் அது விதிக்குள் வந்துவிட்டது. அதை நீக்கலாம். இப்படி நீக்கினால் 7 "அழைக்கவும்" பாதையும் பழையபடி 3 விதியாகச் சுருங்கும். 8 "பொறுக்கவும்" பாதையும் மும்மூன்று நிபந்தனையுள்ள 8 விதியாகும். இது சரியான சுருக்கம், ஏனெனில் நிபந்தனையை நீக்கியும் எந்த வயலின் பதிலும் மாறவில்லை. ஆனால் மரத்தைப் பல வயல்களின் தரவிலிருந்து கணினியே கற்றுக்கொண்டது என்றால் கதை வேறு. ரொஸ் குயின்லன் 1993இல் வெளியிட்ட சீ4.5 முறை, ஒரு நிபந்தனையை நீக்கினால் பிழை எவ்வளவு கூடும் என்று மதிப்பிட்டு, அதிகரிக்காது என்று தோன்றினால் நீக்குகிறது. நீக்கிய பிறகு விதிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். ஒரே வயலுக்கு ஒரு விதி "அழை" என்றும் இன்னொன்று "பொறு" என்றும் சொல்லலாம். எந்த விதியும் பொருந்தாத வயலும் இருக்கலாம். அதனால்தான் குயின்லன் விதிகளை முடிவு வாரியாகக் குழுவாக்கி, குழுக்களுக்கு முன்பின் வரிசை வைத்து, கடைசியில் எதற்கும் அகப்படாதவற்றுக்கு ஒரு பொது முடிவையும் சேர்த்தார். இந்த வரிசையும் அந்தக் கடைசி வரியும் இல்லாவிட்டால் அது விதித்தொகுதியே அல்ல, சில வாக்கியங்கள் மட்டுமே.

ஆசிரியர் அவர்களே, பத்திரிகைக்கு மிக நெருக்கமான இடம் இதுதான். பின்வரும் மூன்று வரியைப் பாருங்கள்.

1. நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் என்றால் காயவைக்கவும்.
2. அப்படி இல்லாமல், கல்லும் வைக்கோலும் கலந்திருந்தால் தூற்றவும்.
3. அப்படியும் இல்லாவிட்டால் மூடையில் கட்டவும்.

இது வரிசையுள்ள பட்டியல். ரொனால்ட் ரிவெஸ்ட் 1987இல் தீர்மானப் பட்டியல் என்று பெயரிட்டு ஆராய்ந்தது இந்த வகையையே. இரண்டாம் வரியின் உண்மையான பொருள் "ஈரப்பதன் 14க்கு மேல் அல்ல, ஆனால் கலப்பு உண்டு" என்பது. மூன்றாம் வரியின் பொருள் "ஈரப்பதன் 14க்கு மேலும் அல்ல, கலப்பும் இல்லை" என்பது. மேல் வரிகளின் மறுப்பு கீழ் வரிகளுக்குள் மறைந்து கிடக்கிறது. பக்க வடிவமைப்பில் எண்களை எடுத்துவிட்டுக் கறுப்புப் புள்ளி வைத்தால், அல்லது "அப்படி இல்லாமல்" என்பதை வீண் சொல்லென்று வெட்டினால், ஈரமான, கலப்புள்ள நெல்லுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கட்டளை கிடைக்கும். முதல் இரண்டு வரியும் இடம் மாறினால் அதே நெல்லை ஈரத்தோடு தூற்றச் சொல்லும். மரத்திலிருந்து நேரே எடுத்த பட்டியலுக்கு இந்த ஆபத்து இல்லை; அங்கே எல்லா நிபந்தனையும் வெளிப்படையாக நிற்கிறது. உங்கள் மேசைக்கு வரும் பட்டியல் இந்த இரண்டில் எந்த வகை என்று அனுப்பியவரிடம் கேட்காமல் ஒரு சொல்லையும் வெட்ட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறோம். இடம் குறைந்தால் முன்னுரையை வெட்டலாம், படத்தைச் சிறிதாக்கலாம்.

அந்த 14ஐயும் விட்டுவிட முடியாது. நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு வாங்கும் உலர்ந்த நெல்லுக்கு வைத்திருக்கும் எல்லை அது. "14க்கு மேல்", "14 முதல்", "14 வரை", "14க்குள்", "14க்குக் குறைந்தால்" என்று தமிழில் எழுதும்போது சரியாக 14 காட்டும் நெல் எந்தப் பக்கம்? "14 வரை" என்றால் 14உம் சேரும். "14க்குக் குறைந்தால்" என்றால் சேராது. "14க்குள்" என்பதை இருவர் இருவிதமாக வாசிப்பார்கள். ஒரு வரியில் "14க்குக் குறைந்தால்" என்றும் மற்ற வரியில் "14க்கு மேல்" என்றும் எழுதினால் 14 நடுத்தெருவில் நிற்கும். மரத்தில் இந்தப் பிழை தானாக நேராது, "14க்கு மேலா?" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை, மூன்றாவது கிடையாது. பட்டியலாக்கும் கைதான் இடைவெளியை உண்டாக்குகிறது. எத்தனை மூடையில் அளப்பது, சராசரியை எடுப்பதா அதிகமானதை எடுப்பதா என்பதும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். ஒரே குவியலின் மேலும் அடியும் ஒன்றாகக் காய்வதில்லை.

தமிழாக்கத்தில் நேரும் இன்னொரு பிழை எண்ணை விடப் பெரியது. தலைமையகச் சுற்றறிக்கையைத் தமிழாக்கும்போது "இவ்விதிகளில் எதுவும் பொருந்தாவிட்டால்" என்ற கடைசி வரி "இவ்வறிகுறிகளில் எதுவும் இல்லாவிட்டால்" என்று மாறிப்போகும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன. கணக்கு வேறு. நமது ஆறு கேள்விக்கும் ஆம், இல்லை என்று பதில் வைத்தால் மொத்தம் 64 வகை வயல். ஒரு விதியும் பொருந்தாதவை 3×3×3, அதாவது 27. ஆறு நிபந்தனையில் ஒன்றுகூட இல்லாதது ஒரே ஒரு வகை. ஆக, சொல் மாறியதால் 26 வகை வயலுக்கு அந்தத் தாளில் பதிலே இல்லை. "புள்ளியும் மஞ்சளும் இல்லாத வயல்" என்பதும் அப்படிப்பட்ட தொடர்தான். இரண்டும் இல்லை என்பதா, இரண்டும் சேர்ந்து இல்லை என்பதா? தமிழில் "உம்" அழகானது; ஆனால் விதி எழுதும் இடத்தில் எதிர்மறையோடு சேர்ந்தால் அது இரண்டு பொருள் தரும். "புள்ளி இல்லை அல்லது மஞ்சள் இல்லை" என்றோ, "புள்ளியும் இல்லை, மஞ்சளும் இல்லை" என்றோ விரித்து எழுதினால் குழப்பம் தீரும். நீளம் கூடட்டும்.

அளக்க முடியாத நிபந்தனையும் மரத்தையும் பட்டியலையும் வேறு வேறு விதமாகப் பாதிக்கிறது. ஈரப்பதன்மானி இல்லாத வீட்டில், வேரிலேயே ஈரப்பதனைக் கேட்கும் மரம் முதற் படியிலேயே நின்றுவிடும். பட்டியலில் ஈரப்பதனைக் கேட்காத விதிகள் இன்னும் உயிரோடு இருக்கும். இதற்கு மரம் கட்டுவோர் வைத்திருக்கும் மருந்துகள் இரண்டு. லியோ பிரைமன் முதலிய நால்வர் 1984இல் தந்த கார்ட் முறையில், ஒவ்வொரு கேள்விக்கும் ஏறக்குறைய அதே மாதிரிப் பிரிக்கும் மாற்றுக் கேள்வி ஒன்று சேமித்து வைக்கப்படும். மானி இல்லாவிட்டால் நெல்லைக் கடித்துப் பார் என்று மூத்தவர்கள் சொல்வது அந்த மாற்றுக் கேள்வியேதான். சீ4.5 முறையோ பதில் தெரியாத ஒன்றை இரண்டு கிளைக்கும் பங்குபோட்டு அனுப்பிவிட்டுக் கடைசியில் கூட்டிப் பார்க்கும். கணினிக்கு அது சரி; சுவரில் ஒட்டிய தாளுக்குப் பொருந்தாது. தாளுக்கு மாற்றுக் கேள்விதான் நல்லது.

பல்கலைக்கழக, உயர்தர மாணவர் செயற்றிட்டங்களிலிருந்து இந்தப் பக்கங்களுக்கு வரும் விதிகள் பற்றியும் சிறிது. சைகிட்-லேர்ன் மென்பொருளில் எதையும் மாற்றாமல் மரம் வளர்த்தால், ஒவ்வோர் இலையிலும் ஒரே முடிவுள்ள வயல்கள் மட்டும் மிஞ்சும் வரை அது வளர்ந்துகொண்டே போகும். ஓர் இலையில் ஒரே ஒரு வயல் இருக்கவும் இடமுண்டு. வேகா மென்பொருளில் சீ4.5 முறையில் மரம் வளர்க்கும் ஜே48இல் ஓர் இலைக்கு ஆகக் குறைந்தது இரண்டு வயல். ஒரு வயலிலிருந்து எடுத்த விதி அந்த வயலின் வரலாறு மட்டுமே. ஆகவே ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் அது எத்தனை வயலுக்குப் பொருந்தியது, அவற்றில் எத்தனைக்குப் பிழையான முடிவு சொன்னது என்ற இரண்டு எண்ணை அச்சிடக் கேளுங்கள். இன்னொரு பிழை, பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு இலக்கமிட்டு, மட்டக்களப்புக்கு 1 முதல் 14 வரை, அம்பாறைக்கு 1 முதல் 20 வரை என்று, எண்ணாகவே கொடுத்துவிடுவது. அப்போது மரம் "பிரிவு 7.5க்குக் குறைவா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை; இலக்கமிட்ட வரிசையை மாற்றினால் விதியும் மாறிவிடும். ஒவ்வொரு பிரிவையும் தனித்தனி ஆம்-இல்லைக் கேள்வியாக்கிக் கொடுக்க வேண்டும். அத்துடன், ஒரே தரவுக்கு ஒரே மரம்தான் என்றும் எண்ண வேண்டாம். சராசரியாக ஆகக் குறைந்த கேள்வி கேட்கும் மரத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஹயாஃபிலும் ரிவெஸ்டும் 1976இலேயே நிறுவிவிட்டார்கள். மென்பொருள்கள் ஒவ்வொரு படியிலும் அப்போதைக்கு நல்லதைத் தெரிந்தெடுத்துப் போகின்றன. இரண்டு மாணவர் இரண்டு மரம் கொண்டுவந்தால் ஒருவர் பிழைவிட்டார் என்று அர்த்தமில்லை.

அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பது கடினமில்லை. எக்செல் தாளில் ஆறு கேள்விக்கு ஆறு நிரல், 64 நிரை. ஏழாவது நிரலில் மரம் சொல்லும் பதில், எட்டாவதில் பட்டியல் சொல்லும் பதில். இரண்டும் எல்லா நிரையிலும் ஒத்துப்போக வேண்டும். நமது உதாரணத்துக்கு "அழைக்கவும்" 37, "பொறுக்கவும்" 27 என்று வரும். வராவிட்டால் எங்கோ ஒரு வரி தவறியிருக்கிறது. எண்ணுள்ள நிபந்தனைக்கு எல்லையையும் அதன் இரு பக்கத்தையும் சோதியுங்கள்: 13.9, 14, 14.1. கேள்வி இருபதைத் தொட்டால் 10,48,576 நிரை வேண்டும். எக்செல் தாளில் இருப்பதே சரியாக அத்தனை நிரைதான், தலைப்பு எழுத இடமிராது. அந்த அளவில் விதிகளை இரண்டிரண்டாக எடுத்து, இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்துமா, பொருந்தினால் ஒரே முடிவையா சொல்கின்றன என்று பார்த்தால் மோதல்களாவது அகப்படும்.

எது எங்கே என்று கேட்டால் எங்கள் கருத்து இது. வயலில் ஒருவர் தனியாக நின்று பார்க்கும் தாளுக்கு, கிளைகள் திரும்பச் சேரும் படம் நல்லது. அடுத்து என்ன பார்ப்பது என்று அது சொல்லும். "ஏன் இப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்பவருக்கு விதி நல்லது, தத்தி உண்டு, சிலந்தி இல்லை என்ற இரண்டு சொல்லோடு காரணம் முடிந்துவிடுகிறது, மரத்தின் மற்றக் கிளைகளை அவர் அறியத் தேவையில்லை. திருத்தம் அடிக்கடி வரும் விடயங்களையும் விதியாகவே வைத்திருங்கள். விதி 3ஐ மாற்றுவதானால் பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், மரத்தில் அதே மாற்றத்தை நான்கு இடத்தில் செய்ய வேண்டும், மூன்றில் செய்து நான்காவதை மறப்பார்கள். உங்கள் பக்கத்தில் இரண்டையும் ஒன்றாக வெளியிடுவதானால், விதிகளை மூலமாக வைத்து, படத்தை அதிலிருந்து வரையச் சொல்லுங்கள். படத்தின் ஒவ்வொரு "அழைக்கவும்" முடிவுக்கும் பக்கத்தில் அது எந்த விதி இலக்கத்தால் வந்தது என்று சிறிய எழுத்தில் போடலாம். கறுப்பு வெள்ளையில் அச்சாகும் பக்கத்தில் "ஆம்" அம்பைப் பச்சையாலும் "இல்லை" அம்பைச் சிவப்பாலும் வேறுபடுத்தினால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அம்பின் மேல் சொல்லையே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தரவு ஆய்வு கற்பிப்போர் சிலர்